மின்சாரம் ஓடாத பரப்பைப் பார்த்தல்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி யூத ஆலயத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆலயம் எழுந்தது 1568இல். அதன் தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை, கையால் தீட்டப்பட்டவை. சென்ற மழைக்காலத்தில் இயற்பியல் ஆய்வாளரான நண்பர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். என் நினைவெல்லாம் அந்த ஆலயத்துக்கு உரிய செப்பேட்டின்மேல் இருந்தது. அவரோ தலையை நிமிர்த்தவே இல்லை. தரையைப் பார்த்தபடியே நடந்தார்.

நீலம் மேலே இல்லை என்றார். கோபால்ட் கலந்த சாயத்தால் படம் எழுதி, அதன்மேல் மெருகு பூசிச் சூளையில் சுடும்போது அம்மெருகு கண்ணாடியாக உருகிப் படிகிறது. மில்லிமீட்டரின் சிறு பகுதியே தடிமனுள்ள அந்தக் கண்ணாடியைத்தான் நம் பாதம் தொடுகிறது. இத்தனை காலம் மிதிபட்ட அதன் மேற்பரப்பு எப்படி இருக்கும், கீறல்கள் எவ்வளவு ஆழம் என்று நுண்ணோக்கியில் பார்க்கலாமே என்று நான் சொல்லிவைத்தேன். அங்கேதான் சிக்கல் என்றார் அவர். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தாத பொருளின் மேற்பரப்பைக் காண்பது என்பது தனியொரு வரலாறு. அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவன், இயற்பியலில் விருந்தாளி. ஆனால் இந்த வரலாறு என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கலைத்துப் போட்டுவிட்டது என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அளவு. ஓட்டின் மெருகை இயற்பியலார் மென்படலம் என்று சொல்லமாட்டார்கள். அது அவர்களுக்குச் சுவர். அவர்கள் பேசுவது நானோமீட்டர் கணக்கில், அதாவது மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. நம் கைப்பேசியின் சில்லுகளில் உள்ள டிரான்சிஸ்டர்களில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஆக்சைடுப் படலம் அந்த அளவினது. சிலிக்கன் ஆக்சைடால் ஆன அப்படலத்தை 1.2 நானோமீட்டர் வரை மெலித்துப் பார்த்தார்கள். மின்சாரம் கசியத் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் 2007இல் ஹாஃப்னியம் கலந்த வேறு படலத்துக்கு மாறியதற்குக் காரணம் இதுவே. இத்தகைய படலத்தில் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் அங்கே கசியும். ஆகவே அதன் மேற்பரப்பைப் பார்த்தாக வேண்டும். எதைக் கொண்டு பார்ப்பது?

கண்ணைக் கொண்டு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மழை நாளில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரிகள் சிந்திய எண்ணெய் தேங்கிய நீரில் விரிந்து மயிற்கழுத்து நிறம் காட்டுவதை இங்குள்ள யாரும் கண்டிருப்பர். (இதே தெருக்களின் கிடங்குகளிலிருந்து போன தேங்காய் எண்ணெயால், உலகச் சந்தையில் உயர்ந்த தரத்துக்கே 'கொச்சின் ஆயில்' என்று பெயர் விழுந்திருந்த காலமும் உண்டு.) படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் எழும் நிறம் அது. இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலில் இதே நிறங்களைக் காக்காய்ப்பொன்னின் மெல்லிய ஏடுகளில் ஆராய்ந்திருக்கிறார். காக்காய்ப்பொன் என்பதை இன்று மைக்கா என்கிறோம். அதுவும் மின்சாரம் கடத்தாப் பொருள்தான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது அரை ஏக்கர் பரப்புக்கு விரிந்து அலையை அடக்கியது. 1774இல் அதைப் பதிவு செய்தவர் படலத்தின் தடிமனைக் கணக்கிட முயலவில்லை. வகுத்துப் பார்த்தால் இரண்டு நானோமீட்டரை ஒட்டி வரும். ஒரே மூலக்கூறின் உயரம். 1890இல் ரேலி பிரபு ஆலிவ் எண்ணெயை வைத்து 1.6 நானோமீட்டர் என்று அளந்தார். மறு ஆண்டே, பல்கலைக்கழகம் போகாத ஆக்னெஸ் போக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியில் செய்த சோதனைகளை ரேலிக்கு எழுத, அவர் அக்கடிதத்தை 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பின்னாளில் நோபல் பெற்ற லாங்மியூரின் கருவிக்கு முன்னோடி அந்தத் தகரத் தொட்டி.

ஆயினும் இவை எல்லாம் தடிமனைச் சொல்லினவே தவிர மேற்பரப்பைக் காட்டவில்லை. ஒரு மூலக்கூறு உயரமுள்ள படலத்துக்கு நிறமே கிடையாது. நிறம் தோன்ற அது நூறு மடங்கு தடித்திருக்க வேண்டும். 1930களில் காதரின் பிளாட்ஜெட் கண்ணாடித் தகட்டை நீரில் மூழ்கடித்து எடுத்து எடுத்து, அடுக்கின்மேல் அடுக்காகப் படலத்தை ஏற்றி, இத்தனை அடுக்குக்கு இந்த நிறம் என்று ஓர் அளவுகோலே செய்தார். அழகான வேலை. ஆனால் ஒளியின் அலைநீளம் சில நூறு நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய விவரத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பக்கவாட்டில் பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873இலேயே நிறுவிவிட்டார்.

ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரானைச் செலுத்தலாம் என்று 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் காட்டினார்கள். அது பொருளை ஊடுருவிப் பார்க்கும் கருவி. கனத்த உலோகத்தின் மேற்பரப்பை அதில் பார்க்க வழியில்லை. 1940இல் ஹான்ஸ் மால் ஒரு தந்திரம் செய்தார். அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை வளரவிட்டு, அதை உலோகத்திலிருந்து பிரித்தெடுத்து, படலத்தை மட்டும் நுண்ணோக்கிக்குள் வைத்தார். உலோகத்தின் மேடு பள்ளம் எல்லாம் அந்தப் படலத்தில் அச்சாகப் பதிந்திருந்தன.

இதைப் படித்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எங்கள் தொழில் அல்லவா! கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றினால் எழுத்துகள் வெள்ளையாகவும் தளம் கறுப்பாகவும் வரும். உரித்தெடுத்த அந்தத் தாளைத்தான் மைப்படி என்கிறோம். நான் 'படித்த' கல்வெட்டுகளில் பெரும்பாலானவற்றின் கல்லை நான் கண்டதில்லை. அவற்றின் உரித்த தோலைத்தான் கண்டிருக்கிறேன்.

எலக்ட்ரான் கற்றையை மேற்பரப்பின்மீது வரிவரியாக ஓடவிட்டுப் படம் எடுக்கும் கருவி 1965இல் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்தது. உலோகங்களுக்கு அது வரப்பிரசாதம். மின்கடத்தாப் பொருளை வைத்தாலோ, வந்து விழும் எலக்ட்ரான்கள் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகின்றன. தங்கியவை அடுத்து வருபவற்றை விரட்டுகின்றன. படம் நகர்கிறது, வெளிறுகிறது, கோடு கோடாகக் கிழிகிறது. மட்டாஞ்சேரி ஓட்டின் சில்லு ஒன்றை அப்படியே வைத்தால் கண்ணைக் கூசும் வெள்ளைத் திட்டுத்தான் தெரியும் என்றார் நண்பர்.

இதற்கான வழக்கமான மருந்து தங்கம். பொருளின்மேல் பத்து நானோமீட்டர் அளவுக்குத் தங்கத்தைத் தூவிவிட்டால் எலக்ட்ரான்கள் அதன்வழியே வடிந்துவிடும், படம் தெளியும். ஓட்டுச் சில்லுக்கு இது போதும். ஐந்து நானோமீட்டர் படலத்துக்கு? உடலைவிடப் போர்வை இரட்டிப்புக் கனம். மிகுதியாகப் பெருக்கிப் பார்த்தால் தங்கத்தின் மணிகளே மேடுகளாகத் தெரியும். அவற்றைப் படலத்தின் மேடுகள் என்று எண்ணி ஏமாறவும் கூடும். எலக்ட்ரானின் வேகத்தைக் குறைத்து, உள்ளே வருபவையும் வெளியேறுபவையும் ஈடாகும் ஒரு நிலையைப் பிடித்துத் தங்கமின்றியே பார்க்கும் வழியும் பின்னர் வந்தது. அதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும்.

1981இல் சூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் அமைத்த கருவியில் கற்றையும் இல்லை, வில்லையும் இல்லை. கூரிய உலோக ஊசியைப் பரப்புக்கு ஒரு நானோமீட்டருக்கும் நெருக்கமாகக் கொண்டுபோனால், தொடாமலேயே சிறு மின்னோட்டம் இடைவெளியைத் தாண்டும். குவாண்டம் ஊடுருவல் என்பது அதுதான். இடைவெளி சற்று மாறினாலும் மின்னோட்டம் பன்மடங்கு மாறும் என்பதால், அதை நிலையாக வைத்துக்கொண்டு ஊசியை ஏற்றி இறக்கினால் அணுக்களின் நில அமைப்பே கிடைக்கும். 1983இல் சிலிக்கனின் மேற்பரப்பில் அணுக்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தார்கள். ஆனால் மின்னோட்டம் என்று ஒன்று வேண்டுமே. கண்ணாடி, பீங்கான், மைக்கா, மெழுகுப் படலம் எல்லாம் மறுபடியும் கதவுக்கு வெளியே நின்றன.

கதவைத் திறந்ததும் பின்னிக்தான். கலிஃபோர்னியாவில் கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் இருவரோடும் சேர்ந்து 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் உள்ள யோசனை மிக எளியது: மின்சாரத்தை மறந்துவிட்டுத் தொட்டுப் பார். மெல்லிய தங்கத் தகட்டின் நுனியில் வைரத் துணுக்கு ஒன்றை ஒட்டினார்கள். துணுக்கு பரப்பைத் தடவிச் செல்ல, மேட்டில் தகடு வளைந்து எழும், பள்ளத்தில் தாழும். அந்த வளைவைப் பின்னாலிருந்து தம் பழைய ஊடுருவல் ஊசியால் அளந்தார்கள். சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டது அலுமினியம் ஆக்சைடு. மின்சாரம் துளியும் ஓடாதது. பக்கவாட்டில் 3 நானோமீட்டர், உயரத்தில் 0.1 நானோமீட்டருக்கும் குறைவு என்ற நுட்பத்தில் அளவு கிடைத்தது. அணுவிசை நுண்ணோக்கி பிறந்தது இப்படி. அதே ஆண்டு பின்னிக்கும் ரோரரும் முந்தைய கருவிக்காக நோபல் பரிசு பெற்றார்கள். பரிசின் மறுபாதி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக ருஸ்காவுக்குப் போனது, அரை நூற்றாண்டு கழித்து.

தடவிப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு: மென்மையான படலத்தை ஊசி உழுதுவிடும். 1987இல் ஐ.பி.எம்.மின் நியூயார்க் ஆய்வகத்தில், இலங்கையில் பிறந்த குமார் விக்கிரமசிங்கவும் உடன் பணியாற்றிய மார்ட்டின், வில்லியம்ஸ் ஆகியோரும் ஊசியை அதிரவைத்துப் பரப்பைத் தொடாமலேயே விசையை உணரும் முறையைக் காட்டினார்கள். 1991இல் பிளாட்ஜெட் வகைப் படலங்களில் மூலக்கூறுகள் தனித்தனியே தெரியும் படங்கள் 'நேச்சர்' இதழில் வந்தன. ஃபிராங்க்ளின் குளத்தில் ஊற்றியதற்கு உறவான ஒரு பொருளின் முகத்தை மனிதன் அவ்வளவு நெருங்கிப் பார்த்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நண்பர் ஆராய்வது சிலிக்கன் தகட்டின்மேல் படிந்த சில நானோமீட்டர் ஆக்சைடுப் படலம். ஒருநாள் தம் கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். பரப்பு முழுதும் சிறு சிறு முக்கோணங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே திசை நோக்கியவை. படிகங்கள் வரிசையாக முளைத்திருக்கின்றன என்று நினைத்து, அழகாக இருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊசி உடைந்திருக்கிறது என்றார். நுனி மழுங்கினால், பரப்பில் உள்ள மணி ஊசியைவிடக் கூர்மையானது என்றாகிவிடும். அப்போது ஊசி மணியைத் தடவுவதில்லை, மணிதான் ஊசியைத் தடவுகிறது. ஒவ்வொரு மணியிருந்த இடத்திலும் ஊசியின் முகமே பதிவாகும். ஆறு வார அளவீடுகளில் எவ்வளவு இப்படிப் போயிற்றோ என்று அவர் அன்று மாலை முழுதும் கோப்புகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் செப்பேடு.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, யூத வணிகத் தலைவன் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய ஆவணம் அது. காலம் ஏறத்தாழ கி.பி. 1000. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி? தமிழ் என்பார் ஒருசாரார், பழைய மலையாளம் என்பார் மறுசாரார். கொச்சியில் தமிழ் ஆய்வு மாணவராக இருப்பவர் இந்தக் கேள்விக்குத் தேநீர்க் கடையில்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் அத்தியாய வரைவில் நான் தமிழ்ப் பக்கம் வழக்காடியிருந்தேன்.

வழக்கின் ஆதாரம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். ஆவணத்தின் ஒரே தொடரில் 'இருந்தருளிய' என்றும், சற்றுத் தள்ளி 'பிரசாதிச்சருளிய' என்றும் இரு வடிவங்கள் வருகின்றன. முன்னதில் 'ந்த' அப்படியே நிற்கிறது. மலையாளத்தில் பின்னர் நேர்ந்த 'ந்ந' மாற்றம் இல்லை. பின்னதில் 'த்த' என்பது 'ச்ச' ஆகிவிட்டது. இலக்கியத் தமிழில் 'பிரசாதித்தருளிய' என்றே இருந்திருக்கும். முதல் வடிவத்தை நான் சான்று என்று அட்டவணையில் ஏற்றியிருந்தேன்; இரண்டாவதைச் செதுக்கியவரின் பேச்சுவழக்கு என்று அடிக்குறிப்புக்குத் தள்ளியிருந்தேன். மலையாள ஆய்வாளர் ஒருவர் அதே தொடரை எடுத்து, இரண்டாவதைச் சான்றாகவும் முதலாவதை மரபெழுத்தின் எச்சமாகவும் கொள்ளலாம். என் முறைக்கு எவ்வளவு நியாயம் உண்டோ அவ்வளவும் அவருக்கும் உண்டு. 'அடித்து' என்று எழுதி 'அடிச்சு' என்று பேசும் இன்றைய தமிழரை வைத்துப் பார்த்தால் 'ச்ச' எந்தப் பக்கத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. என் அட்டவணையில் எல்லா முக்கோணங்களும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இயற்பியலார் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். ஊசியே இல்லாத படம் என்று ஒன்று இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்கினார்கள். 1990களில் ஜான் வில்லருபியா, படத்தைக் கொண்டே ஊசியின் வடிவத்துக்கு எல்லை கட்டும் கணித முறையை வகுத்தார்: படத்தில் காணும் எந்த மேடும் ஊசியைவிடக் கூர்மையாக இருக்க இயலாது, ஆகவே எல்லா மேடுகளையும் ஒப்பிட்டால் ஊசி அதிகபட்சம் எவ்வளவு மழுங்கியிருக்கலாம் என்று தெரியும். 2009இல் ஐ.பி.எம்.மின் சூரிச் ஆய்வகத்தில் லியோ கிராஸ், கெர்ஹார்ட் மையர் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ஊசியின் நுனியில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதற்குப் பதிலாக, ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறைத் தாமே அதில் ஏற்றிக்கொண்டு, பென்டசீன் மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் படம் பிடித்தார்கள். அந்த மூலக்கூறு கிடந்த தளங்களுள் ஒன்று, செம்பின்மேல் இரண்டே அணு அடுக்காகப் படிந்த சமையல் உப்பு. வெறுஞ்செம்பில் கிடந்தால் மூலக்கூறு உலோகத்தோடு கலந்துவிடும்; உப்புப் படலம் அதைப் பிரித்து வைக்கிறது, ஆனால் மின்னோட்டம் கசியும் அளவுக்கு மெலிந்தும் இருக்கிறது. நெடுங்காலம் பார்வைக்குத் தடையாக இருந்த மின்கடத்தாப் படலம் இங்கே பார்ப்பதற்கான பாயாக விரிந்தது. செம்பும் உப்பும்! கடற்காற்று வீசும் மட்டாஞ்சேரியில் செப்பேட்டை நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த வரியைத் தாண்டிச் செல்லச் சிறிது நேரம் பிடித்தது.

எங்கள் செப்பேட்டைத் தொட்ட ஊசிகளும் பல. கிளாடியஸ் புக்கானன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியிலேயே ஒரு செதுக்குநரைக் கொண்டு செம்பில் நகல் எடுப்பித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்நகல் இன்னொரு கை, இன்னோர் உளி. ஹெர்மன் குண்டர்ட் 1844இல் மொழிபெயர்த்து ஆராய்ந்து வெளியிட்டார். மலையாள அகராதி தொகுத்தவர் அவர். ஹுல்ட்ஷ் 'எபிகிராஃபியா இண்டிகா'வின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகளில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர். ஒவ்வொருவரும் எதை எழுத்தென்று கண்டார்கள், எதைக் கீறலென்று விட்டார்கள் என்று அடுக்கி ஒப்பிட்டால் படித்தவரின் வடிவத்துக்கும் ஓர் எல்லை கட்டலாம் என்று தோன்றுகிறது.

நண்பர் ஊசியை மாற்றி, அதே படலத்தை மறுபடி வருடினார். முக்கோணங்கள் மறைந்து, தாழ்ந்து உருண்ட மணிகள் மட்டும் ஒழுங்கின்றிக் கிடந்தன. பார்க்க அவ்வளவு அழகில்லை. பழைய படத்தை அழிக்காமல், ஊசி உடைந்த நாள் என்று பெயரிட்டுத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறார்.

நான் 'பிரசாதிச்சருளிய' என்பதை அடிக்குறிப்பிலிருந்து மேலேற்றி, 'இருந்தருளிய' என்பதற்கு அருகிலேயே வைத்துவிட்டேன். அத்தியாயத்தின் தலைப்பில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லை இப்போதைக்கு எடுத்திருக்கிறேன். திரும்ப வருமா என்று சொல்ல இயலாது. அட்டவணையில் இரண்டு நிரல்கள் கூடியிருக்கின்றன: இந்த வடிவத்தை இவ்வாறு படித்தவர் யார், எந்தப் படியிலிருந்து படித்தார். இதுவரை பதினொரு வரிகள் நிரம்பியிருக்கின்றன.